வளைந்ததெல்லாம் வஞ்சகமோ?

ஆங்கிலத்தில் ‘குரூக்’ என்பது ஓரசைச் சொல். இன்று அச்சொல்லை ஒருவர்மேல் எழுத்தில் ஏவினால் மானநஷ்ட வழக்குக்கு ஆளாக நேரும். எத்தன், மோசக்காரன், பிறர் பொருளைச் சூதால் கவரும் கயவன் என்பனவே நம் பத்திரிகைகள் அதற்குத் தரும் மொழிபெயர்ப்பு. பிழை என்று சொல்லுதற்கில்லை. ஆயினும், ஒரு பெரிய வீட்டின் பின்கட்டிலுள்ள இருட்டறையை மாத்திரம் திறந்து காட்டி, வீடு இவ்வளவே என்று கூறுவதை அஃது ஒக்கும். அவ்வீட்டில் ஆட்டிடையன் இருக்கிறான், மேற்றிராணியார் இருக்கிறார், கொம்பூதுவோன் இருக்கிறான், கப்பல் தச்சனும் விறகு பொறுக்கும் ஏழையும் இருக்கின்றனர், முடிசூடிய மன்னன் ஒருவனும் உளன். இவர்கள் எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு, கள்வன் ஒருவனே அவ்வீட்டைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த விஷயம். அகராதி புரட்டுவோரின் பொழுதுபோக்கு என்று நேயர்கள் இதனைத் தள்ளிவிட வேண்டாம். கூனிய முதுகுடைய மனிதன் ஒருவனைக் கண்டவுடன் அவன் நெஞ்சும் கூனியதே என்று உலகம் துணிவதற்கும் இச்சொல்லின் வரலாற்றுக்கும் நெருங்கிய உறவுண்டு.

இச்சொல் ஆங்கிலேயரின் பிதிரார்ஜிதச் சொத்தும் அன்று. வடகடலைக் கடந்து வந்து இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியிலும் வடபகுதியிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் ‘க்ரோக்ர்’ என்றால் கொக்கி, மூலை என்று பொருள். அதுவே ஆங்கிலத்திற் புகுந்து, சுமார் 1200-ஆம் ஆண்டையொட்டிய ஏடுகளில் ‘குரூக்’ ஆகித் தலைகாட்டுகிறது. கொக்கியும், வளைந்த கருவியும், எப்பொருளிலும் உள்ள வளைவும் அதன் பொருள்களாயின. முழங்கையின் உண்மடிப்பை இன்றும் கையின் குரூக் என்பர். விரலை வளைத்து ஒருவனை அருகழைப்பதற்கும் அச்சொல்லே வினையாகிறது. பிரெஞ்சு மொழியிற் சென்று தங்கிய இதன் இனச்சொற்கள் வேறு வேறு உடை தரித்து மீண்டும் ஆங்கிலத்திற்கு வந்தன. கொக்கியூசியால் நூல் பின்னும் ‘குரோஷே’ வேலையும், பிறர் எல்லையில் மெல்ல மெல்லப் புகுந்து கவர்தலைக் குறிக்கும் ‘என்குரோச்’ என்னும் சட்டச் சொல்லும் கொக்கியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இக்குடும்பத்தில் மூத்தோன் ஆட்டிடையனுடைய கோல். அதன் தலை வளைந்திருப்பது அழகு கருதியன்று. ஓடும் ஆட்டின் பின்னங்காலையோ கழுத்தையோ நோகாமற் பற்றி நிறுத்துவதற்கு அவ்வளைவு வேண்டும். நேரான தடியால் ஆட்டை அடிக்கலாம், பிடித்தல் இயலாது. நம்மவர் தழை ஒடிக்கவும் முருங்கைக்காய் பறிக்கவும் கைக்கொள்ளும் துறட்டியை ஒருகால் எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்கும். செம்பனைத் தோட்டங்களில் உள்ளோர்க்கு இன்னும் நன்கு விளங்கும். மரம் இளையதாய்க் குலை தாழ இருக்குங்கால் நேரான உளி போதும். மரம் ஓங்கிவிட்டாலோ, நீண்ட கோலின் நுனியிற் பூட்டிய வளைந்த அரிவாளே குலையை இறக்கும்.

இங்கிலாந்தின் தென்பால் ஸஸெக்ஸ் மாநிலத்தில் பைகூம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்க் கொல்லுலை ஆயர்கொக்கி செய்வதில் நாடெங்கும் பேர் பெற்றது. தேய்ந்து கழிந்த துப்பாக்கிக் குழாய்களை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, ஆயர்கோலின் தலையாக்கினர் அவ்வூர்க் கொல்லர். அங்குள்ள தேவாலயத்தின் வாயிற்கதவுக்கும் ஆயர்கொக்கியே பிடியாக அமைந்துளது. உயிரைக் கொல்லுதற்கென்று நேராகச் செய்த இரும்பு, வளைக்கப்பட்ட பின்னர் உயிரைக் காக்கும் தொழிலுக்கு வந்தது. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம், பின்னர் வேண்டப்படும்.

கிறிஸ்தவ சமயத்தில் மேற்றிராணியார் கையிலேந்தும் தலைவளைந்த கோலும் இடையன் கோலின் சாயலே. தம்மை நம்பிய மக்களை மந்தையென்றும் தம்மை மேய்ப்பரென்றும் கொண்ட சமயத்தலைவர்களின் எண்ணத்தைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு, அது நிற்க. பெருமைக்குரிய அடையாளமாக ஒரு வளைவை உயர்த்திப் பிடித்தனர் என்பதே இங்கு வேண்டுவது.

மேனாட்டு இசையரங்கிலும் இச்சொல் நல்ல இடத்தில் அமர்ந்திருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் கொம்பு வாத்தியத்திற்கு அடைப்பிதழ்கள் கிடையா. ஒரு சுருதியிலிருந்து மற்றொரு சுருதிக்கு மாறவேண்டின், வளையமாகச் சுற்றிய ஒரு பித்தளைக் குழாயைக் கழற்றி வேறொன்றை மாட்டுவர். அவ்வளைகுழாயின் பெயரும் குரூக். குழாயின் நீளம் மிகுந்தால் சுருதி தாழும். அந்நீளத்தைக் கையில் அடங்கும்படி செய்வது வளைவு. ஹைடன், மோஸார்ட் ஆகியோர் காலத்துக் கொம்பூதுவோர் இக்குழாய்கள் பலவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசித்தனர். 1810-களில் ஜெர்மானியர் அடைப்பிதழ்களைக் கண்டுபிடித்து, 1818-இல் பெர்லினில் அதற்கு உரிமை பெற்ற பின்னரே இவ்வழக்கம் மெல்லக் குறைந்தது.

மரவேலையிலோ வளைவின் மதிப்பு பின்னும் பெரிது. மரக்கப்பல் கட்டிய நாட்களில், காட்டின் நடுவே நெருக்கத்தில் நெடிது நேராய் வளர்ந்த ஓக் மரம் பலகைக்கு உதவியது. கப்பலின் விலாவுக்கும் மூட்டுக்கும் வேண்டப்பட்டதோ, வெட்டவெளியிலும் வேலியோரத்திலும் காற்றுக்கு வளைந்து கிளைத்த மரம். நேரான கட்டையை வளைவாக அறுத்தால் அதன் நரம்பு அறுபட்டு வலிமை போம். தானே வளைந்து வளர்ந்த மரத்திலோ நரம்பும் வளைவோடு உடன் ஓடும். அத்தகைய மரத்துண்டை இன்றும் படகு கட்டுவோர் குரூக் என்றே அழைக்கின்றனர். வளைந்த அடிமரத்தை இரண்டாகப் பிளந்து, எதிரெதிரே நிறுத்தி, உச்சியிற் சேர்த்துக் கட்டிய வீடுகளும் இங்கிலாந்தில் பல. அவ்வமைப்புக்கு வழங்கும் ‘கிரக்’ என்னும் பெயர் இதே சொல்லின் மறுவடிவம். பல நூற்றாண்டுகளாக அவ்வீடுகள் விழாமல் நிற்கின்றன.

இத்துணை நன்மக்களோடு வாழ்ந்த சொல்லின்மேல் பழி ஏறியது எப்போது எனின், ஏறக்குறையத் தொடக்கத்திலேயே என்று சொல்லவேண்டும். 13-ஆம் நூற்றாண்டின் சமய நூல்களிலேயே சூது, வஞ்சனை என்னும் பொருளிலும் குரூக் வழங்கிற்று. இதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நேர்மையை நேர்கோட்டோடும் தீமையை வளைவோடும் ஒன்றாக்கிப் பேசுவது ஆங்கிலத்தின் ஆழ்ந்த பழக்கம். நியாயத்தையும் உரிமையையும் குறிக்கும் ‘ரைட்’ என்ற சொல்லின் பழம்பொருள் நேரானது. தவறு என்று பொருள்படும் ‘ராங்’ என்பதோ முறுக்குண்டது, கோணியது என்னும் நார்ஸ் சொல்லிலிருந்து வந்தது. தனியார்க்கு இழைத்த தீங்கைச் சட்டம் ‘டார்ட்’ என்னும். முறுக்கியது என்பதே அதன் லத்தீன் மூலம். நீதிமன்றத்தின் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தச்சனுடைய மட்டக்கோலே! மட்டக்கோலை மரத்துக்குப் பிடிக்கலாம். மனிதனுக்குப் பிடிக்கத் தொடங்கியவிடத்தில் நாம் விழிப்போடிருத்தல் வேண்டும்.

ஆங்கிலங் கற்றோர் நாவில் அடிக்கடி பயில்வது ‘பை ஹூக் ஆர் பை குரூக்’ என்னும் தொடர். நல்வழியோ அல்வழியோ, எவ்வாற்றானும் காரியத்தை முடித்தே தீர்வது என்பது அதன் இற்றைப் பொருள். இதற்குக் கதை கட்டினோர் பலர். 1649-இல் அயர்லாந்தின்மேற் படையெடுத்த கிராம்வெல், வாட்டர்போர்டு துறைமுகத்தை ஹூக் முனையின் வழியாகவேனும் எதிர்க்கரையிலுள்ள குரூக் என்னும் ஊரின் வழியாகவேனும் பிடித்தே தீர்வதாகச் சூளுரைத்தான் என்பது அவற்றுள் ஒன்று. கேட்க இனிது, ஆனால் ஆகாது. ஜான் விக்லிபின் பெயரால் வழங்கும் எழுத்துக்களில், 14-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, இத்தொடர் வந்துவிட்டது. கிராம்வெல்லின் பாட்டனுக்குப் பாட்டனும் அன்று பிறந்திலன்.

நாம் ஏற்கும் விளக்கம் வேறு. மத்தியகால இங்கிலாந்தில் காடு பிரபுவினுடையது. அதில் நின்ற மரத்தைக் குடியானவன் வெட்டலாகாது. ஆயின் உலர்ந்த கிளைகளில் ஆயர்கோலால் வளைத்து இழுத்து ஒடிக்கக் கூடியதையும், கொக்கியரிவாளால் அரிந்தெடுக்கக் கூடியதையும் அவன் விறகாகக் கொள்ளலாம் என்பது பல ஊர்களில் வழக்கம். கார்ன்வாலிலுள்ள பாட்மின் நகரின் 1525-ஆம் ஆண்டுப் பதிவு, அருகிலிருந்த காடொன்றில் இவ்வகை விறகை முதுகிற் சுமந்துசெல்லும் உரிமை அந்நகர மக்களுக்கு என்றும் உண்டு என்று கூறுகிறது. அவ்வுரிமை ஒரு முதுகுச் சுமை அளவே. வண்டி கொண்டுவர இயலாது. மழைக்காலத்தும் பனிக்காலத்தும் ஏழையின் அடுப்பு எரிந்தது அந்த வளைந்த கோலினால்.

இப்போது அத்தொடரின் பொருளை மீண்டும் நோக்குக. சட்டமே அளித்த உரிமையின் கருவியாயிருந்த குரூக், இன்று அத்தொடரில் அறமல்லாத வழியைக் குறிக்கிறது. இடையில் நிகழ்ந்தது யாது? 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாராளுமன்றம் சட்டத்தின்மேற் சட்டம் இயற்றிப் பொதுநிலங்களை வேலியடைத்துச் செல்வர்க்கு உரிமையாக்கிற்று. நேற்றுவரை உரிமையோடு விறகெடுத்தவன் இன்று திருடனாக நின்றான். வேலியைப் போட்டவனைக் குறிக்க வளைவைக் கொண்ட சொல் ஒன்றும் பிறக்கவில்லை. இச்சொற்பொருள் மாற்றத்திற்கு அவ்வேலிகளே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. பழிப்பொருள் அதற்கு முன்னரே இருந்தது என்பதை மேலே கூறியுள்ளோம். ஏழையின் கோலுக்கும் கள்வனுக்கும் ஒரே பெயர் வழங்கிய நாட்டில், ஏழையைக் கள்வன் என்று கூறுவது நாவுக்கு எளிதாயிற்று என்ற அளவே நமது துணிபு.

கள்வனையே குரூக் என்று பெயர்ச்சொல்லாக அழைக்கும் வழக்கம் மிகப் பிற்பட்டது; 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் உச்சம் 1973 நவம்பர் 17. அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன், பத்திரிகையாசிரியர் கூட்டத்தில், தாம் குரூக் அல்லர் என்று தம் வாயாலேயே மறுத்தார். மறுத்த சொல்லே அவரைப் பற்றிக்கொண்டது. 1974 ஆகஸ்டில் பதவியைத் துறந்தார். ஆஸ்திரேலியாவிலோ கதை வேறு. ஆங்கே தன் வயிறு குரூக் என்று ஒருவன் சொன்னால் போலீஸாரை அழைக்க வேண்டுவதில்லை. மருந்து கொடுத்தால் போதும். நோயுற்றது, கெட்டது என்னும் பொருளில் அந்நாட்டார் அதனை வழங்குகின்றனர்.

கருவியின் மேலும் செயலின் மேலும் நின்ற சொல், மனிதனுடைய வாழ்வின் மேலும் உடலின் மேலும் ஏறியபோதே பெருங்கேடு விளைந்தது. ஸ்காத்லாந்தில் தாமஸ் பாஸ்டன் என்றொரு சமய போதகர் இருந்தார். அவர் இறந்து ஐந்தாண்டுகளுக்குப் பின், 1737-இல், வெளிவந்த நூலொன்று நெடுங்காலம் வீடுதோறும் படிக்கப்பட்டது. ‘பங்கில் விழுந்த கோணல்’ என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கோணல் என்றவிடத்தில் மூலத்தில் இருப்பது குரூக். ஒவ்வொருவன் வாழ்விலும் ஏதோ ஒரு கோணல் உண்டு, அதனை வளைத்தவர் கடவுள், அவரே நிமிர்த்தினாலன்றி மனிதன் நிமிர்த்த முடியாது என்பது நூலின் சாரம். பாஸ்டன் தம் பிள்ளைகள் பலரை மண்ணுக்குக் கொடுத்தவர். மனைவியின் தீராத நோயை உடனிருந்து கண்டவர். தம் துயரத்தைத் தாங்க அவர் தேடிக்கொண்ட ஊன்றுகோலை நாம் பழிக்க மாட்டோம். ஆயின், அவ்வூன்றுகோல் அச்சேறி ஊரார் கைக்கு வந்தபோது வேறு தொழில் செய்தது. குழந்தையின் சாவும் கூலியின் குறைவும் ஒரே கோணலென்று எண்ணப்பட்டன. முன்னதை நிமிர்த்த அன்று எவராலும் முடியாதிருந்திருக்கலாம். பின்னதை வளைத்தவன் கணக்கேட்டில் கையெழுத்திட்ட மனிதன். தலையெழுத்து என்று கூறி வாய்மூடிய நம் பெரியோரின் உபதேசத்துக்கும் இதற்கும் நிறத்தில்தான் வேறுபாடு.

இனி அரசன் கதைக்கு வருவோம். மூன்றாம் ரிச்சர்டு 1483-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறி, 1485-இல் பாஸ்வர்த் களத்தில் வெட்டுண்டு மாய்ந்தவன். அவனை வென்று முடிசூடிய ஹென்றியின் பேர்த்தியே எலிஸபெத் அரசியார். அவ்வம்மையார் ஆட்சியில் நாடகம் எழுதியவர் ஷேக்ஸ்பியர். வென்ற குடும்பத்தின் நிழலில், தோற்றவனைப் பற்றி எழுதுகின்ற கவிக்கு எத்துணைச் சுதந்திரம் இருக்கும் என்பதை நேயர்களே அளந்துகொள்க. இறந்து ஆறாண்டு ஆகுமுன்னரே, 1491-இல், யார்க் நகரத்தில் நிகழ்ந்த ஒரு வாய்ச்சண்டையில் ரிச்சர்டு கூன்முதுகன் என்று ஏசப்பட்டதாக நகரப் பதிவு கூறுகிறது. தாமஸ் மோர் தமது சரித்திரத்தில் அவனைக் கூன்முதுகன் என்றும், இடத்தோள் வலத்தோளினும் மிக உயர்ந்தவன் என்றும் வருணித்தார். ஷேக்ஸ்பியர் 1590-களின் தொடக்கத்தில் இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு, நொண்டும் காலையும் கூட்டி, மேடையில் ஒரு பூதத்தை நடமாட விட்டார்.

அவர் செய்த பெருங்காரியம் வேறொன்று. ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் மூன்றாம் பாகத்தில், உடலிலிருந்த குரூக்கை உள்ளத்துக்கும் வேண்டிக்கொள்ளும்படி ரிச்சர்டின் வாயாலேயே பேசவைத்தார். கொக்கிக்கும் வஞ்சனைக்கும் பொதுவாக நானூறாண்டு கிடந்த சொல், அவ்விடத்தில் ஒரு மனிதனுடைய முதுகெலும்பையும் மனச்சாட்சியையும் ஒரே ஆணியால் அறைந்துவிட்டது. அந்நாடகங்களின் ஆற்றலை மறுப்பவன் அறிவிலி. ரிச்சர்டு பேசத் தொடங்கினால் மற்றப் பாத்திரங்கள் மங்கிப்போகின்றன. தன் கணவனையும் மாமனையும் கொன்றவனைப் பிணத்தின் பக்கத்திலேயே ஒருத்தி மணக்க இசையும்படி செய்யும் அப்பேச்சுவன்மை, அவையோரையும் மயக்கிவிடுகிறது. மயக்கத்தின் விலை என்ன என்பதைத்தான் திறனாய்வோன் கணக்கிட வேண்டும். நாடகம் பார்த்து மீளும் ஆயிரம் பேர், கொலையை மறந்தாலும் கூனை மறப்பதில்லை.

2012-இல் லெஸ்டர் நகரத்தில், கார்கள் நிறுத்தும் வெளியொன்றின் கீழ், பழைய மடமொன்றின் இடிபாடுகளிடையே ஓர் எலும்புக்கூடு அகப்பட்டது. உறவினர் வழிவந்தோரின் உடற்கூற்று மரபணுவோடு ஒப்பிட்டு, 2013 பிப்ரவரியில், அது ரிச்சர்டுடையதே என்று அந்நகரப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது உண்மை. வளரும் பருவத்தில் தோன்றும் நோய் அது. முதுகின்மேற் பொதிபோல் எழும் கூன் அங்கில்லை. கைகள் சூம்பவில்லை, கால் நொண்டியதற்கு அடையாளமில்லை. உயர்ந்திருந்த தோளும் வலத்தோளே. மோர் எழுதியதற்கு நேர்மாறு! 2014-இல் ‘லான்ஸெட்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் ஆராய்ச்சியாளர் எழுதியபடி, நன்கு தைத்த உடையும் கவசமும் அவ்வளைவை மறைத்திருக்கக் கூடும். அவ்வுடலோடுதான் அவன் குதிரையேறிப் பகைவர் நடுவே பாய்ந்து போரிட்டு வீழ்ந்தான்.

ரிச்சர்டு உத்தமன் என்று வாதாட நாம் வரவில்லை. 1483-இல் லண்டன் கோட்டையினுள் மறைந்துபோன அண்ணன் பிள்ளைகள் இருவரின் கதிக்கு அவனே சரித்திரத்தின்முன் விடை சொல்லவேண்டியவன். அவ்வழக்கில் சாட்சி சொல்ல அவன் முதுகெலும்பை அழைக்கலாகாது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை. ரிச்சர்டுக்கு இருநூறாண்டு முன்னர், முதலாம் எட்வர்டு மன்னனின் தம்பி எட்மண்டு என்பானுக்கு ‘குரௌச்பேக்’ என்று பட்டப்பெயர். சிலுவைப் போருக்குச் சென்றோர் உடையில் தரித்த சிலுவையைக் குறிக்கும் பெயர் அது. ‘குரௌச்’ என்பது அக்காலத்தில் சிலுவை. பின்வந்தோர்க்கு அச்சொல் கூனாகக் காதில் விழுந்தது. எட்மண்டே மூத்தவனென்றும், கூனன் ஆகையால் அரசு மறுக்கப்பட்டதென்றும் கதை எழுந்தது. 1399-இல் எட்மண்டின் வழிவந்த ஹென்றி அரியணையைக் கோரியபோது இக்கதையும் ஒரு சான்றாக நீட்டப்பட்டது. பழைய வரலாற்றேடுகளைப் பார்த்த அறிஞர்கள் பொய்யென்று தள்ளினர். இல்லாத கூனுக்கும் ஓர் அரசியல் இருந்தது!

ஷேக்ஸ்பியர் பத்தாண்டு சென்று, 1603-ஐ ஒட்டி, ‘ஒத்தெல்லோ’ எழுதினார். அதில் வரும் இயாகோ, அவர் படைத்த கயவர்களிலெல்லாம் கொடியவன். அவனுக்குக் கூனில்லை, நொண்டலில்லை, நிமிர்ந்து நடக்கும் போர்வீரன். நாடகம் முழுவதும் எல்லோரும் அவனை நேர்மையாளன், நேர்மையாளன் என்றே அழைக்கின்றனர். மட்டக்கோலை எறிந்துவிட்டு மனிதனைப் பார்க்கக் கவி கற்றுக்கொண்டார் என்று இதனை நாம் படிக்கிறோம். ‘ரிச்சர்டை’ப் பாடமாக வைக்கும் பள்ளிகள் ‘ஒத்தெல்லோ’வையும் உடன் வைத்தல் நலம்.

ஆங்கிலேயரை மட்டும் குறைகூறி அமைய நமக்கு உரிமையில்லை. தமிழில் ‘கொடு’ என்பது வளைந்ததைக் குறிக்கும் அடிச்சொல். கொடுவாள் வளைந்த வாள். ‘கோடு’ என்பது வளைவும், விலங்கின் கொம்பும், யானைத் தந்தமும், மரக்கிளையுமாம். அவ்வடியிற் பிறந்ததே கொடுமை. நேரிய அரசு செங்கோல். தீய அரசு கொடுங்கோல். புலவர் வழக்கு செந்தமிழ். மற்றையோர் வாய்மொழி கொடுந்தமிழ்! தோட்டத்து மக்கள் பேசும் தமிழைப் பட்டணத்துப் பண்டிதர் சிலர் இன்றும் முகஞ்சுளித்துக் கேட்பதன் வேர் இப்பெயரிலேயே இருக்கிறது.

இராமகதையிலோ, மந்தரைக்குப் பெயரே கூனி. சிறுவனாயிருந்த இராமன் வில்லுண்டையால் தன்னை அடித்ததை அவள் மறவாதிருந்தாள் என்று கம்பர் ஒரு காரணம் காட்டினார். அவள் பகையின் பின்னே ஒரு புண் உண்டென்று காட்டியது கவியின் பெருமை. கேட்டவர்களோ புண்ணை மறந்து கூனை வைத்துக்கொண்டனர். குடும்பத்தைக் கலைப்பவள் எவளும் இன்று கூனி. தோட்ட அலுவலகத்திற் பெயர்ப்பட்டி எழுதும் நம் போன்றார் அறிவர்: ஒரே பெயருடையார் இருவர் இருப்பின், ஒருவர்க்குக் கூனன் என்றும் மற்றவர்க்கு நொண்டி என்றும் அடைகொடுத்து அழைப்பார்கள், சில சமயம் அவ்வடைமொழி ஏட்டிலும் ஏறிவிடும். நாற்பதாண்டு மரத்தின் அடியிற் குனிந்தெழுந்த முதுகு வளைந்தால், அவ்வளைவுக்குச் சம்பளமில்லை. பட்டப்பெயர் மாத்திரம் உண்டு.

இத்தனைக்கும் நடுவே ஒரு குரல் வேறாய் ஒலிக்கிறது. வள்ளுவர், போலித் துறவிகளைக் கடியும் கூடாவொழுக்க அதிகாரத்தில், அம்பையும் யாழையும் எதிரெதிரே வைத்தார். அம்பு வடிவில் நேரானது, செயலிற் கொடியது. யாழ் கழுத்தில் வளைந்தது, செயலில் இனியது. ஆகவே மனிதரையும் வினையைக் கொண்டே மதிக்க என்பது அவர் கருத்து. கொடுமை என்னும் சொல்லுக்கு வளைவே மூலம் என்பதை அறிந்துகொண்டே, நேரான அம்பின்மேல் அச்சொல்லை ஏற்றிய துணிவு வியக்கத்தக்கது. பைகூம் கொல்லர் துப்பாக்கிக் குழாயை வளைத்து ஆயர்கோல் செய்தபோது குறளைப் படித்தவரல்லர். மேனாட்டுக் கொம்பின் வளைகுழாயும் நம் யாழின் வளைகழுத்தும் ஒன்றையொன்று கண்டதில்லை. எனினும், இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவன் ‘குரூக்’ என்பதற்குக் கயவன் என்று ஒரே பொருள் எழுதிவிட்டுப் பேனாவை மூடமாட்டான்.

ரிச்சர்டின் நாடகங்களைத் தமிழ்ப்படுத்துவோர்க்கு ஒரு வசதியும் ஓர் அபாயமும் உண்டு. உடலையும் உள்ளத்தையும் ஒன்றாக்கும் அந்தச் சிலேடை, மற்ற மொழிகள் பலவற்றில் வாராது. தமிழிலோ கொடு, கோடு, கோட்டம், கொடுமை என்று சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். வந்து நிற்பவற்றை எல்லாம் அள்ளி இறைத்துவிடாமல், ரிச்சர்டு தன்னைப் பற்றித் தானே பேசும் இடங்களில் மாத்திரம் அவற்றை வழங்குக. பாத்திர அட்டவணையிலும், முகவுரையிலும், மேடைக் குறிப்பிலும் அவனை மன்னன் என்று எழுதினாற் போதும். 2022-இல் ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரில், ராயல் ஷேக்ஸ்பியர் நாடக சங்கத்தார் அவ்வேடத்தை ஆர்தர் ஹ்யூஸ் என்னும் நடிகருக்கு அளித்தனர். அவர் பிறவியிலேயே கையில் குறையுடையவர். அச்சங்கத்தில் ரிச்சர்டாக நடித்த உடற்குறையுடையாரில் அவரே முதல்வர். கட்டிய கூனும் ஒட்டிய கையும் அவர்க்கு வேண்டப்படவில்லை.